வாசலுக்கு வந்த ஓடைப்பயறு

கள்ளியான்விளையில், பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் காலையில், விளக்குமாறும் கையுமாக வாசல் பெருக்க வந்த தங்கபுஷ்பம், தன் வீட்டுப் படிக்கு நேர் எதிரே ஓர் ஓடைப்பயறுச் செடி வந்து நிற்பதைப் பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம் அந்த இடத்தில் வெறும் மண்தான் கிடந்தது, ஒரு கோழி அதைக் கிளறிக்கொண்டு நின்றது. செடி முளைத்து வரவில்லை, நடந்து வந்திருந்தது. வேர் இழுபட்ட தடம் மண்ணில் அப்படியே கிடக்க, அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அது தெருவைத் தாண்டி, சந்தனராசுவின் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் புகுந்து, தார்ரோட்டில் கொஞ்ச தூரம் காணாமல் போய், மறுபடியும் தேரிக்காட்டில் தலைகாட்டி, செம்மணல் மேடு மேடாக ஏறி இறங்கி, கடைசியில் வாய்பிளந்தான் ஓடைக்குள் போய் முடிந்தது.

ஓடை என்றதும் தண்ணீர் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் காலத்திலோ பெய்த பேய்மழை ஒன்று செம்மண்ணை அறுத்துப் போட்டுவிட்டுப் போன பள்ளம் அது. இரண்டு பக்கமும் பனை உயரத்துக்குச் சிவப்புச் சுவர், உள்ளே இறங்கினால் வானம் ஒரு துண்டுத் துணி அகலத்துக்குத்தான் தெரியும், வெயில் மட்டும் முழுசாக இறங்கும். அந்தச் சுவர் இடுக்கில்தான் ஓடைப்பயறு முளைக்கும். உலகத்தில் வேறு எங்கேயும் அது கிடையாது என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். உலகத்தை அவர்கள் திருச்செந்தூர் வரைக்கும்தான் பார்த்திருக்கிறார்கள், இருந்தாலும் சொல்வார்கள். விரித்த உள்ளங்கை மாதிரி இலை, இலை முழுக்க வெள்ளைப் பூனைமயிர், கொத்துக் கொத்தாக நீலப் பூ. ஒவ்வொரு பூவின் நெற்றியிலும் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும், வண்டு வந்து தேன் குடித்துப் போன பூவில் அந்தப் பொட்டு சிவந்துவிடும். விதை அப்படியொரு கசப்பு, ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். சில வருஷம் செடியே கண்ணில் படாது. இப்போது கொஞ்ச வருஷமாக அங்கே ஒன்றே ஒன்றுதான் நின்றது, அதுதான் கிளம்பி வந்திருந்தது.

அது எப்படி வந்தது என்று ஊரில் யாரும் மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை. கால் இருக்கிறவர்கள் எல்லாம் ஊரை விட்டு வெளியே போகும்போது, கால் இல்லாத ஒன்று ஊருக்குள் வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே என்று சந்தனராசு சொன்னான். வேர்த்தடம் அழியக் கூடாது என்று பெஞ்சைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டவனும் அவன்தான். பஸ் டிரைவர் அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடிக்காமல் போனார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊருக்கு இருந்த கவலையெல்லாம் வேறு: வந்திருக்கிறவளை எப்படிக் கூப்பிடுவது? கள்ளியான்விளையில் யாரையும் முறை சொல்லாமல் கூப்பிட்டுப் பழக்கமில்லை. தெருநாய்க்குக்கூட அங்கே மாமன் மச்சான் உண்டு. மூன்று தெருப் பெண்களும் கூடி நின்று பேசியதில், மேலத்தெரு லிங்கக்கனி, அவள் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது, தீர்ப்புச் சொன்னாள். யாரும் கூப்பிடாமல் வந்திருக்கிறாள், வந்தவள் வாய் திறக்காமல் வாசலிலேயே நிற்கிறாள். அப்படி வந்து நிற்கிறது பிறந்த வீட்டுக்கு வருகிற பெண்தான். ஆகையால் தங்கபுஷ்பத்துக்கு இவள் நாத்தனார் முறை என்றாள் லிங்கக்கனி. சொல்லிவிட்டுத் தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்தாள், மற்றவர்களும் பார்த்தார்கள், தங்கபுஷ்பம் தரையைப் பார்த்தாள்.

ஏன் பார்த்தார்கள் என்பது தெரிய வேண்டுமானால் கள்ளியான்விளையின் தண்ணீர்க் கதை தெரிய வேண்டும். அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் உப்பு. பஞ்சாயத்து லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இரண்டு ஊர் தள்ளிப் போய்க் குழாயடியில் நிற்க வேண்டும். தண்ணீர் இல்லாத ஊர் என்பதாலோ என்னவோ, தண்ணீர் விஷயத்தில் அவர்களுக்கு அப்படியொரு ரோஷம். வாசலுக்கு வந்தவரிடம் என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னால் தண்ணி குடிக்கியளா என்று கேட்க வேண்டும். வந்தவன் சண்டைக்கு வந்தவனாக இருந்தாலும் முதலில் சொம்பு, அப்புறம்தான் சண்டை. குடம் காலி என்றாலும் இல்லை என்கிற வார்த்தை வாயில் வரக் கூடாது. இரிங்க கொண்டாரேன் என்று சொல்லிவிட்டுப் புறவாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டும், அங்கேயும் காலி என்றால் பக்கத்து வீட்டுக்காரி அடுத்த வீட்டுக்கு ஓடுவாள், இப்படி ஒரு சொம்புத் தண்ணீருக்காக ஒரு தெரு முழுக்கப் புறவாசலில் ஓடிக்கொண்டிருக்க, வந்தவர் முன்வாசலில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குடிக்கிறவருக்கும் ஒரு முறை உண்டு. அண்ணாந்து ஊற்றிக் குடித்து, அடியில் ஒரு மடக்கு மிச்சம் வைத்துச் சொம்பைத் திருப்பித் தர வேண்டும், அந்த மடக்கை வீட்டுக்காரி குடிப்பாள். மிச்சம் வைத்தால் மறுபடியும் வருவேன் என்று அர்த்தம். சொட்டு விடாமல் குடித்துச் சொம்பைக் கவிழ்த்துவிட்டால், இனிமேல் உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அர்த்தம்.

அந்த ஊரில் இல்லை என்கிற வார்த்தையைச் சொன்ன ஒரே ஒருத்தி தங்கபுஷ்பம்.

லாரி வராமல் போன ஒரு சித்திரை மாதம், குழாயடியில் பாதி நாள் கால் கடுக்க நின்று ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து இறக்கி வைத்திருந்தாள். உச்சி வெயில். அவள் புருஷன் ஆதிலிங்கத்தின் தங்கச்சி சிவனம்மாள், தேரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள், அண்ணனைப் பார்க்கவென்று சுடுமணலில் அத்தனை தூரமும் நடந்து வந்து வாசலில் நின்று, "மைனி, கொஞ்சம் தண்ணி" என்றாள். வந்தவளே வாய்விட்டுக் கேட்கும்படி வைத்தது முதல் தப்பு. தங்கபுஷ்பம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தண்ணி இல்ல" என்றாள். குடம் அவள் காலடியில்தான் இருந்தது. வேர்த்துப்போய், தரையில் வட்டமாக ஈரம் கசிய இருந்தது. சிவனம்மாள் அந்த ஈரத்தைப் பார்த்தாள், மைனியைப் பார்த்தாள், திரும்பி நடந்தாள். பாதித் தேரியில் மயங்கி விழுந்து கிடந்தவளை ஆடு மேய்க்கிறவர்கள் தூக்கிக்கொண்டு போய் வீடு சேர்த்தார்கள். உயிர் பிழைத்துவிட்டாள். ஆனால் அதற்கு அப்புறம் அண்ணன் வீட்டுப் பக்கம் அவள் வரவே இல்லை.

ஏன் அப்படிச் சொன்னாள் என்றால், அதுதான் தங்கபுஷ்பத்துக்கே தெரியவில்லை. நாத்தனார் மேல் பகையா, கிடையாது. நகை நட்டுச் சண்டையா, அதுவும் கிடையாது. கை வலித்தது, வெயில் எரிந்தது, வார்த்தை வந்துவிட்டது. ஏதாவது ஒரு காரணம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அவள் தூங்கியிருப்பாள். ஆதிலிங்கம் பஸ் ஸ்டாப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருந்தான், அதிகம் பேசாத மனுஷன். அவன் அவளைத் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. மறுநாளிலிருந்து தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே எழுந்து போய்க் குடத்தில் மொண்டு குடித்தான், அவ்வளவுதான். சோறு போடச் சொல்வான், சட்டையை எடுத்து வைக்கச் சொல்வான், தண்ணீர் மட்டும் கேட்க மாட்டான். அவன் குனிந்து குடத்தில் சொம்பை முக்குகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அடுப்படியில் இருக்கிற தங்கபுஷ்பத்துக்கு உடம்பு கூசிப்போகும். ஊரும் அவளைத் தள்ளி வைக்கவில்லை. ஏதாவது காரியமாக அவள் வாசலுக்கு வருகிறவர்கள், அவள் வாயெடுப்பதற்கு முன்னாலேயே, இப்பதான் குடிச்சேன் என்று சொல்லி, முந்தானையால் வாயைத் துடைத்துக் காட்டுவார்கள். பல வருஷமாக அவள் வீட்டுச் சொம்பில் ஒருத்தரும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்ததில்லை.

அந்த வாசலுக்குத்தான், ஊரில் இத்தனை வாசல் இருக்க, ஓடைப்பயறு வந்து நின்றது. ஊர் பார்த்துக்கொண்டு நிற்கத் தங்கபுஷ்பம் உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள். "தண்ணி குடிக்கியா தாயி" என்று கேட்டு, ஒரு மடக்கை மிச்சம் வைத்து மீதியை வேரில் ஊற்றினாள், மிச்சத்தைத் தான் குடித்தாள். செடியின் இலைகள் கையேந்துகிற மாதிரி விரிந்தே நின்றன. ஒவ்வொரு இலையின் நடுவிலும் ஒரு சொட்டுப் பனி உட்கார்ந்திருந்தது. இன்னும் கேக்கா பாருங்க என்றாள் லிங்கக்கனி. எந்தக் காலத்திலும் தண்ணீரைக் காணாத ஓடையிலிருந்து வந்தவளுக்கு ஒரு சொம்பு எந்த மூலைக்கு? அன்றைக்கே முடிவாகிவிட்டது: வீட்டுக்கு ஒரு சொம்பு, தினமும், ஒரு வீடு விடாமல்.

அப்புறம் கள்ளியான்விளை செய்ததை வேறு எந்த ஊரும் செய்யாது. தன் பிள்ளைகளைக் குளிப்பாட்டாமல், பாத்திரத்தை மணல் போட்டுத் துலக்கி, சோறு வடித்த கஞ்சியையே தாகத்துக்குக் குடித்து, மிச்சம் பிடித்த நல்ல தண்ணீரை ஊர் அந்தச் செடிக்கு ஊற்றியது. சண்டைபோட்டுப் பிரிந்த அண்ணன் தம்பி வீடுகள்கூட ஆளுக்கொரு சொம்பு தனித்தனியாகக் கொண்டுவந்தன. விருந்தாளிக்குக் கொடுப்பதில் அவர்களுக்கு இருந்த ஆசை அப்படி. காலையில் கொண்டுவந்த பெண்கள் உடனே திரும்பிப் போகவில்லை. தங்கபுஷ்பம் போட்ட பாயில் உட்கார்ந்தார்கள், மாமியார்க் கதை பேசினார்கள், அரிசி புடைத்தார்கள். ஒருநாள் லிங்கக்கனி தானாகவே, இதென்னட்டி தலையைச் சிக்குக்காடாகப் போட்டு வைத்திருக்கிறாய் என்று அதட்டி, தங்கபுஷ்பத்தைத் தன் முன்னால் இழுத்து உட்காரவைத்துச் சீப்பால் வாரிப் பின்னிவிட்டாள். பிறத்தியார் விரல் தன் தலையில் பட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்துப் பார்க்கத் தங்கபுஷ்பத்துக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கு லிங்கக்கனி அவள் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்து, ஒரு மடக்கு மிச்சமும் வைத்தாள்.

அந்த மடக்கைக் குடித்துவிட்டுத் திரும்பும்போதுதான் தங்கபுஷ்பம் செடியின் அடியிலையைப் பார்த்தாள். மஞ்சளாயிருந்தது.

மறுநாள் இன்னும் நாலு இலை மஞ்சளாயிற்று. பெண்கள் கலைந்து போன பிறகு அவள் குத்தவைத்து உட்கார்ந்து மண்ணை விரலால் நோண்டிப் பார்த்தாள். சேறாகக் கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனால் ஊறவைத்து மறந்துபோன பயறின் வாடை. சுவர் ஓரத்தில், தண்ணீர் போய்ச் சேராத மேட்டுப் பக்கம் ஓடிய ஒரு வேர் மட்டும் கெட்டியாக, வெள்ளையாக இருந்தது, அதற்கு நேரே மேலே இருந்த கிளை மட்டும் பச்சையாக நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. இலை நடுவில் உட்கார்ந்திருக்கிற பனிச்சொட்டு வெயில் ஏறுவதற்குள் காம்பு வழியாக இறங்கி வேருக்குப் போவதை அவள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதுதான் வந்தவள் குடிக்கிற தண்ணீர், அவளே கையில் கொண்டுவந்த தண்ணீர். அதற்கு மேல் ஊற்றுகிறதெல்லாம் அவளைக் கொல்கிறது.

புரிந்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்த இடத்தில் தங்கபுஷ்பத்துக்காகப் பரிந்து பேச என்னால் முடியாது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கு வந்ததும், பெண்கள் சிரித்துக்கொண்டே சொம்போடு வாசலில் நுழைந்தார்கள், பாயை எங்கடி வைத்திருக்கிறாய் என்று உரிமையாகக் கேட்டார்கள், அவளுக்கு வாய் வரவில்லை. ஊற்ற வேண்டாம் என்று சொன்னால் அந்த வாயைப் பார்த்து ஊர் என்ன சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். இந்த முற்றத்துக் கூட்டம், இந்தத் தலைப்பின்னல், இந்த மிச்ச மடக்கு எல்லாம் அந்த ஒரு வார்த்தையோடு போய்விடும் என்பதும் தெரியும். ஆகவே இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று தள்ளினாள். மற்றவர்களோடு சேர்ந்து தானும் ஒரு சொம்பு ஊற்றினாள். முன்னே ஒருத்தியைத் தண்ணீர் கொடுக்காமல் விரட்டினேன், இப்போது ஒருத்தியைத் தண்ணீர் கொடுத்துக் கொல்கிறேன் என்று அவள் மனசு அவளைப் பிடித்து உலுக்கியது. அப்போதும் பாயைத் தட்டிப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் முகம் சுண்டிப்போகும்.

ஒருநாள் காலையில் வாசல் பெருக்கும்போது, செடியின் உச்சிக்கொழுந்து துவண்டு தலை தொங்கி நின்றது. அவள் கிட்டே போனதும் ஓர் இலை தானாகக் கழன்று அவள் பாதத்தின் மேல் விழுந்தது. பிள்ளையின் உள்ளங்கை அளவு இலை, ஈரமாக, கனமாக இருந்தது. அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். முற்றத்துப் படலை இழுத்துச் சாத்தி, அதற்குக் குறுக்கே நின்றுகொண்டாள். லிங்கக்கனி முன்னால் வர, தெருப் பெண்கள் சொம்போடு பின்னால் வந்தார்கள். என்னட்டி வழிமறிச்சு நிக்க என்றாள் லிங்கக்கனி.

"தண்ணி இல்ல" என்றாள் தங்கபுஷ்பம். "இனிமே இங்க யாரும் ஒரு சொட்டுகூட ஊத்தக் கூடாது."

தெரு அப்படியே நின்றது. அதே வார்த்தை, அதே வாசல், அதே வாய். வேர் அழுகுது எக்கா, வாடை அடிக்கி, வந்து மோந்து பாருங்க என்று அவள் கெஞ்சியது யார் காதிலும் ஏறவில்லை. லிங்கக்கனி கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. "தண்ணி ஊத்தாதன்னு சொல்ல இந்த ஊர்ல ஒனக்குத்தான் வாய் வரும்" என்று சொல்லிவிட்டு, தன் சொம்புத் தண்ணீரை அங்கேயே தெருமண்ணில் கொட்டி, சொம்பைச் சுற்றுச்சுவர் மேல் கவிழ்த்து வைத்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் கவிழ்த்தாள், அதற்கு அடுத்தவளும். சுவர் நெடுகப் பித்தளையும் எவர்சில்வருமாகச் சொம்புகள் குப்புறக் கிடந்தன, தெருமண்ணில் கொட்டிய தண்ணீர் அவர்கள் வீடு போய்ச் சேருவதற்குள் காய்ந்துபோனது. கவிழ்த்த சொம்பை எடுக்கிறதற்கும் அந்த வாசலுக்குத்தான் வர வேண்டும் என்பதால் ஒருத்தியும் வந்து எடுக்கவில்லை, ஊரில் வீட்டுக்கு ஒரு சொம்பு குறைந்தது.

தங்கபுஷ்பம் அழுதுகொண்டே சேற்றை வழித்து எறிந்தாள். அழுகின வேரை அரிவாள்மணையில் வைத்து நறுக்குகிற மாதிரி பார்த்துப் பார்த்து நறுக்கினாள். சாயங்காலம் கடையிலிருந்து வந்த ஆதிலிங்கம் சுவரில் கிடந்த சொம்புகளைப் பார்த்தான், தோண்டிப்போட்ட சேற்றைப் பார்த்தான், உள்ளே போய்த் தானே தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான். மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன், வாய்பிளந்தான் ஓடையிலிருந்து ஒரு மூட்டை காய்ந்த மணல் கொண்டுவந்து செடிப் பக்கத்தில் இறக்கிப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனான். அவள் அந்த மணலை வேரைச் சுற்றிக் குவித்தாள். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. மற்றதெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான், அதுதான் கஷ்டம். வாடின செடிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளைத் தெருவில் போகிற ஒவ்வொருத்தரும் பார்த்துக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு டிரைவரே கையை நீட்டிக் காட்டினார். செடி செத்துவிட்டால் ஊர் சொல்வதுதான் உண்மையாகிவிடும். இரண்டு தடவை அவள் எழுந்து உள்ளே போய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, படியிலேயே நின்றுவிட்டு, திரும்பக் கொண்டுபோய் வைத்தாள்.

மஞ்சள் இலையெல்லாம் உதிர்ந்து செடி மொட்டையாக நின்றது. அப்புறம் ஒரு காலையில் நரைத்த காம்பின் கணுவில் ஓர் இலை விரலைப் பிரித்தது, அதன் நடுவில் ஒரு சொட்டுப் பனி இருந்தது. சித்திரை வெயில் ஏற ஏற அந்தச் செடி நிமிர்ந்தது. ஊரில் கோழிகள் வெயில் தாங்காமல் நிழலுக்கு ஓடும்போது இவள் மட்டும் நீலநீலமாகப் பூத்து நின்றாள். வாடை எடுத்து வண்டுகள் வந்தன. வெள்ளைப் பொட்டெல்லாம் ஒவ்வொன்றாகச் சிவந்தன. ஊர் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. நீ சொன்னது சரிதான் என்று யாரும் சொல்லவில்லை. ஊர் என்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கிறது? அவர்களுக்கும் முகத்தில் ஒரு கூச்சம் வந்திருந்தது, கொல்லப் பார்த்தது நாம்தானே என்று. கூச்சப்பட்டவர்கள் யாரைப் பார்த்துக் கூச்சப்பட்டார்களோ அவளைப் பார்க்காமல் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள்.

வைகாசியில் காய் முற்றிற்று. ஒரு மத்தியானம், வெயில் உறைத்து அடித்த நேரத்தில், காய்கள் வெடித்தன. ஓடைப்பயறு காய் வெடித்தால் விதை அத்தனை தூரம் தெறிக்கும். அன்றைக்குத் தெறித்த விதைகள் சுவரில் கவிழ்ந்து கிடந்த சொம்புகள் மேல் போய் விழுந்து, டங்கு டங்கென்று தெரு முழுக்கச் சத்தம். ஒவ்வொரு வீட்டுக்காரிக்கும் தன் வீட்டுச் சொம்பின் சத்தம் தெரியும் அல்லவா. ஒருத்தி வந்தாள், இன்னொருத்தி வந்தாள், லிங்கக்கனி கடைசியாக வந்தாள். அவரவர் சொம்பை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு, சுவரடியில் கிடந்த விதையைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். லிங்கக்கனி மட்டும் போகும்போது, அரிசி புடைக்கச் சுளகு இருந்தா குடு, நாளைக்குத் தாரேன் என்று தங்கபுஷ்பத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவள் வீட்டில் சுளகு இல்லாமலா?

மறுநாள் செடி இல்லை. வாசலில் ஒரு குழி இருந்தது, வந்த வழியே திரும்பிப் போன தடம் இருந்தது, சந்தனராசு மறுபடியும் பெஞ்சை நகர்த்திப் போட்டான். சொல்லாமல் போய்விட்டாளே என்று ஊர் கொஞ்சம் மனத்தாங்கல் பட்டது, பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்த விதைகளைக் கொண்டுபோய் ஓடைச் சுவரின் இடுக்குகளில் அழுத்திவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல், அப்படி ஊற்றாமல் வருவதற்குப் பெரும்பாடுபட்டு, திரும்பி வந்தது. தங்கபுஷ்பம் குழியை மூடவில்லை. தினமும் அதைச் சுற்றித்தான் பெருக்கினாள்.

தண்ணீர் கேட்டு வந்தவளுக்குத் தண்ணி இல்ல என்று ஒருத்தி இரண்டாம் தடவையும் சொன்னாள், அதனால் இந்தத் தடவை வந்தவள் பிழைத்தாள் என்கிற செய்தி ஆடு மேய்க்கிறவர்கள் வாய்வழியாகத் தேரியைத் தாண்டிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், ஆதிலிங்கம் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும்போது, சிவனம்மாள் நடந்து வந்தாள். காதோரம் நரைத்திருந்தது, காலெல்லாம் செம்மண். நேராக வந்து அந்தக் குழிக்குள் கால் வைத்து நின்றாள். "ஓடை வழியாத்தான் வந்தேன் மைனி" என்றாள். "பாத்தேன். நல்லா இருக்கா."

தங்கபுஷ்பம் படியில் நின்றாள். முதலில் கேட்க வேண்டியது அவள்தான், அது தெரியும். வாய் வரவில்லை. இவளைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தெரு கூடிவிட்டது. ஆதிலிங்கம் எழுந்து உட்கார்ந்தான். சிவனம்மாள் நெற்றியில் வழிந்த வேர்வையைத் துடைத்துவிட்டு, "கேக்க மாட்டியளா மைனி" என்றாள்.

"தண்ணி குடிக்கியா தாயி?"

கேட்டது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. உள்ளே ஓடிச் சொம்பு நிறைய மொண்டு வந்து கொடுத்தாள். சிவனம்மாள் அண்ணாந்து குடித்தாள், நிறுத்தாமல் குடித்தாள், தொண்டை ஏறி ஏறி இறங்க, சொட்டு விடாமல் குடித்தாள். குடித்து முடித்துச் சொம்பைக் கவிழ்த்துப் பிடித்தாள். கடைசித் துளி குழிக்குள் விழுந்தது. சுவரோரம் லிங்கக்கனி ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். சரிதான், எனக்கு வேண்டியதுதான், இதைச் செய்யத்தான் இத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, வெட்கம் மட்டும்தான் இருந்தது.

சிவனம்மாள் காலிச் சொம்பை அவளிடம் நீட்டினாள்.

"இது அன்னைக்குள்ளது மைனி. இன்னைக்குள்ளதக் கொண்டாங்க."

தங்கபுஷ்பம் சொம்பை வாங்கிக்கொண்டு திரும்பினாள். கண்ணீர் மறைத்து வழி தெரியாமல் நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். அவள் உள்ளே கால் வைக்கும்போது, கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆதிலிங்கம், எழுந்திருக்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் ஒரு சொம்பு கொண்டா" என்றான்.

குடத்துக்கு முன்னால் அவள் ரொம்ப நேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். தரையில் குடத்தைச் சுற்றி ஈரம் வட்டமாகக் கசிந்திருந்தது. அவள் அந்த ஈரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள், பிறகு இரண்டு சொம்பையும் நிறைய மொண்டாள்.